வாயில் நான்கு குண்டூசி

வாயில் நான்கு குண்டூசி வைத்திருக்கிறேன்,
அதனால்தான் செபம் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே சபேலா.
"கையைக் கொஞ்சம் தூக்கு" என்று ஆண்டுதோறும் உளறுகிறேன்.
மரக்கை, எங்கே தூக்கும்.

நவம்பர் பத்தொன்பது. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
சக்கிரீஸ்துக் கதவைத் தாழிட்டாயிற்று.
உனக்கு உடுத்துகையில் ஆண்கள் பார்க்கலாகாது,
லாஷே வெல்லாவில் அது சட்டம்.
பார்த்தால்தான் என்ன?
ஒரு முகம், மணிக்கட்டுவரை இரண்டு கை,
பாவாடைக்குள் நான்கு பலகைச் சட்டம்,
நடுவே காற்று.
என் அப்பா கோழிக்கூடு இதைவிட நன்றாகச் செய்வார்.

பத்து மணிக்குப் பங்குக்குரு எலாதியோ
உன் சரித்திரம் வாசிப்பார்.
சலவைக்காரி. தகப்பன் பெயர் தெரியாது.
கப்பல் உடைந்து கரையொதுங்கியவர்களின் சட்டைகளைக்
குளிர்கால நீரில் அலசிக் கல்மேல் விரித்துவைத்தாள்.
முகத்தை மீன் தின்ற பிள்ளைகளைத்
தாய்மார் தையலை வைத்து அடையாளம் சொன்னார்கள்.
முப்பத்தாறு வயதில் நெஞ்சுச்சளி.
அவ்வளவுதான்.
நீ நாகத்தை மிதிக்கவில்லை,
அரசனோடு வாதாடவில்லை,
வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்தி நடக்கவுமில்லை.

அதனால் இன்னும் புனிதை அல்ல, அருளாளர்.
ஒரு படி கீழே.
உரோமைக்கு இன்னொரு புதுமை வேண்டுமாம்,
மருத்துவர் கையெழுத்தோடு.
ஊர் அதற்காகக் காத்திருக்கிறதா என்றால், இல்லை.
குரு மட்டும் காத்திருக்கிறார்.

பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான்.
பெருங்கற்களுக்கிடையே ஒரு பையன் கிடைத்தான்.
எங்கள் ஊரான் இல்லை,
கூலிக்கு ஏறியவன், மூன்று நாட்டு ஆட்கள் இருந்த படகு.
பிழைத்த மூவரும் லா கொருஞ்ஞா மருத்துவமனையில்
பேச்சு வராமல் கிடந்தார்கள்.
முகத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.
நீதிமன்ற ஆள் படமெடுத்து முடித்து
துணிகளை எரித்துவிடுங்கள் என்றார்.
நான் வாங்கிக்கொண்டேன்.

வாஷிங் மெஷினில் போட மனம் வரவில்லை.
உன் கல்தொட்டிக்குப் போனேன்.
டீசல் போக மூன்று தண்ணீர்,
மணல் போக இன்னும் இரண்டு.
அப்புறம்தான் கண்ணில் பட்டது:
சாம்பல் நிறச் சட்டையில் ஐந்து பொத்தான்,
மூன்றாவது மட்டும் சிவப்பு நூலில்.

மூன்று நாடுகளுக்கும் படம் போனது.
ஃப்ளோரெஸ் தீவில் ஒருத்தி
போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு,
"அன்றைக்கு வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது" என்றாளாம்.
பிறகு பேசவில்லையாம்.
ரோஃபினுஸ். இருபத்து மூன்று வயது.

குரு மூச்சிரைக்க வந்தார்.
தோரிந்தா, இதை எழுதி அனுப்புவோம், இதுதான்.
"எது சாமி? பையன் எழுந்திருக்கவில்லையே."
பேனாவை மூடினார். திறந்தார். மூடினார்.
என் தம்பி ஷூர்ஷோ போன கப்பலிலிருந்து
ஒரு காலுறைகூட வரவில்லை,
அதை எந்தத் தாளில் எழுதுவீர்கள் என்று கேட்க இருந்தேன்.
கேட்கவில்லை. அவருக்கு இரத்த அழுத்தம்.

உன்னைச் சுமக்க ஆறு தோள் வேண்டும்.
ஊரில் நான்குதான் தேறியது.
மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களில் இருவர் வருகிறார்கள்,
ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை.
இந்த முறை சாய்ந்துதான் போவாய்.

சரி, நீல மேலங்கி.
முதல் ஊசி தோளில்.
இரண்டாவது இடுப்பில், அதாவது இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில்.
மூன்றாவது முக்காட்டுக்கு.
கைவிளிம்பு கிழிந்திருக்கிறதே,
இதற்கு ஊசி குத்தினால் நிற்காது, தைக்கவேண்டும்.
டப்பாவில் வெள்ளை நூல் முழு உருண்டை இருக்கிறது.
சிவப்பை எடுத்தேன்.

கதவைத் தட்டுகிறார்கள்.
நான்காவது ஊசி இன்னும் வாயில்.